கிணற்றுக்கு முன்னால் வடிகால்

ஊரில் பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டைத் திருத்திக் குடியேறலாம் என்று நினைக்கிறவர்கள் கூரையையும் தளத்தையும் மின்கம்பியையும் பார்த்து முடித்த பிறகுதான் கொல்லைக் கிணற்றின் பக்கம் வருகிறார்கள். எட்டிப் பார்த்தால் பாதி தூர்ந்திருக்கும். அரசங்கன்று ஒன்று சுவரைப் பிளந்து கிளைவிட்டிருக்கும். கறுத்த தண்ணீரில் தென்னை மட்டையும் பிளாஸ்டிக் பாட்டிலும் மிதக்கும். நாலு ஆளை வைத்து இறைத்துத் தூர் எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதுதான் அப்போது எல்லாருக்கும் தோன்றும் யோசனை.

தூர் எடுப்பது இந்த வேலையில் ஏறக்குறையக் கடைசிப் படி என்பதே இங்கே நான் சொல்ல வருவது. கொல்லைக் கிணறுகளைப் பெரும்பாலும் கெடுப்பவை சுற்றியுள்ள நிலமும் அதில் தேங்கும் மழைநீரும், குளியலறைத் தண்ணீரும், கழிப்பறைக் குழியும்தான். அவற்றைத் தொடாமல் கிணற்றை மட்டும் சுத்தம் செய்தால் இரண்டு மழைக்காலத்துக்குள் பழைய கதைதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. திறந்த கிணறுகளைச் சோதிக்க உலக சுகாதார நிறுவனம் ஒரு கேள்விப்பட்டியல் வைத்திருக்கிறது. 10 மீட்டருக்குள் கழிப்பறை இருக்கிறதா? அந்தக் கழிப்பறை கிணற்றைவிட மேட்டில் இருக்கிறதா? பக்கத்தில் சாணமோ குப்பையோ கிடக்கிறதா? கிணற்றடியில் தண்ணீர் தேங்குகிறதா? சாக்கடை உடைந்திருக்கிறதா? கைப்பிடிச் சுவரும் சிமெண்டுத் தளமும் சரியாக உள்ளனவா? வாளியும் கயிறும் எங்கே கிடக்கின்றன? இப்படியே போகிறது பட்டியல். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கச் சொல்வது அநேகமாக ஒரே ஒரு கேள்விதான்: தரையிலிருந்து 3 மீட்டர் ஆழம் வரை உட்சுவரில் கசிவு இல்லாமல் இருக்கிறதா என்பது. மற்ற எல்லாமே வெளியே நின்று பார்க்க வேண்டியவை.

கீழடியில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகளைப் பார்த்தால் வீட்டுக்குப் பக்கத்தில் கிணறு என்பது இங்கே எவ்வளவு பழைய ஏற்பாடு என்று தெரியும். அது கைவிடப்பட்டது மிக அண்மையில்தான். தமிழ்நாட்டுப் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடும்பாறை நிலம். மேலே சில அடி மண், அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள் மட்டும் நீர் தாங்கும் பாறை. கொல்லைக் கிணறுகள் மேலடுக்கு நீரை நம்பியவை. மின்மோட்டார் வந்து, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊர் ஊராகப் போய் ஆயிரம் அடி வரை துளை போட ஆரம்பித்த பிறகு மேலடுக்கு பல ஊர்களில் காய்ந்தது. காயாத ஊர்களிலும் மேல்நிலைத் தொட்டிக் குழாய் வந்தது. 2019 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய் கொண்டுவந்தது. வாளி போட்டு இறைக்கும் வேலை யாருக்கும் மிச்சமில்லாமல் போனது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலையை விடியலிலும் அந்தியிலும் செய்தவர்கள் பெண்கள். யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலமும் அதுவேதான். கிணற்றடி நினைவுகளை உருகி உருகி எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் இறைப்பது நின்றதும் கிணறு வெறும் பள்ளமானது. பள்ளத்தில் என்ன போடலாம் என்று மனிதனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் சருகு, பிறகு வீட்டுக் குப்பை, இடிந்த சுவரின் கல். சில வீடுகளில் கழிப்பறைக் குழாயையே பாழுங்கிணற்றுக்குள் விட்டிருக்கிறார்கள். தண்ணீரை மலத்துக்குத் தொட்டியாக்கும் இந்த வேலையைச் செய்தவர்கள் அதை மிச்சம் பிடித்த செலவாகவே கணக்கு வைத்திருப்பார்கள்.

பழைய கொல்லைகளில் வடிகால் என்று தனியாக ஒன்றும் தெரியாது. இருந்தும் வேலை செய்தது. கிணற்றடித் தண்ணீர் துவைக்கிற கல்லைத் தாண்டி ஒரு சிறு ஓடை வழியாக வாழைக்கும் சேம்புக்கும் போய், மிச்சம் கொல்லைக் கடைசியில் உள்ள தென்னைக்குச் சேரும். கூரைத் தண்ணீர் தாழ்வாரத்து விளிம்பில் விழுந்து முற்றத்து மதகு வழியாகத் தெருவுக்கோ குளத்துக்கோ போகும். செட்டிநாட்டு ஊர்களில் முற்றத்து நீரையும் தெரு நீரையும் ஊரணிக்குக் கொண்டுபோகும் கால்வாய்களை ஊர் அமைக்கும்போதே சேர்த்து அமைத்தார்கள். இந்த ஏற்பாடுகள் நின்றதற்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு: அளவு. கையால் இறைத்தால் ஒரு வீட்டுக்கு நாளைக்குச் சில குடங்கள். அதை ஒரு வாழைக்கொத்து குடித்துவிடும். மோட்டாரும் சலவை இயந்திரமும் ஷவரும் வந்தபின் அதே கொல்லைக்குள் பல மடங்கு தண்ணீர் வருகிறது. ஓடையும் வாழையும் மட்டும் பழைய அளவிலேயே இருக்கின்றன, அல்லது அவையும் இல்லை.

இன்னொரு மாற்றம் தெருவில் நடந்தது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே ஜல்லி கொட்டியதால், தெருவைவிட இரண்டடி உயரத்தில் கட்டிய வீடுகள் தெருவுக்குக் கீழே இறங்கிவிட்டன. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட வேண்டிவந்தது. முன்பு வீட்டிலிருந்து தெருவுக்குப் போன தண்ணீர் இப்போது தெருவிலிருந்து வீட்டுக்கு வருகிறது. இதோடு பக்கத்து மனைக்காரர் மண் அடித்து உயர்த்தியிருப்பார். நாமும் ஓட்டை வைக்காமல் சுற்றுச்சுவர் எழுப்பியிருப்போம். மழைநீருக்குக் கிடைக்கும் தாழ்ந்த இடம் கடைசியில் கிணற்றடிதான்.

ஆகவே கொல்லையில் செய்யவேண்டிய முதல் வேலை மண்வெட்டி எடுப்பதல்ல. நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய் நின்று பார்ப்பது. தண்ணீர் எங்கிருந்து நுழைகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, மழை விட்டு எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். வெயில் நாளில் எந்தப் பொறியாளர் வந்து பார்த்தாலும் இதில் பாதிதான் சொல்வார். பிறகு கொத்தனாரின் லெவல் டியூபை வைத்துக் கிணற்றடி, வீட்டுத் தளம், தெரு, கொல்லைக் கோடி ஆகிய நான்கின் மட்டத்தையும் எடுத்துவிட்டால் பிரச்சினையில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

சரிவு என்பது பெரிய வித்தை அல்ல. வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு மூன்றங்குலம் தாழ்வு இருந்தால் போதும். திறந்த சாக்கடைக்கு நூறடிக்கு ஓரடி. கிணறு தாழ்விலும் வீடு மேட்டிலும் இருந்தால் கிணற்றுக்கு மேற்புறம் பிறை வடிவில் ஒரு வரப்பும் அதற்கு முன்னால் ஆழமில்லாத ஓடையும் வெட்டி, வரும் நீரை இரு பக்கமும் திருப்பிவிடலாம். ஓடை முழுவதும் சிமெண்டு பூசத் தேவையில்லை. அருகம்புல் படர்ந்த மண் ஓடை மழைநீருக்குப் போதும். வேகத்தைக் குறைக்கும், மண்ணைத் தங்கவைக்கும், கொசுவுக்கு இடம் தராமல் காய்ந்தும் போகும். சிமெண்டுச் சாக்கடையில் ஓர் இடத்தில் அரை அங்குலப் பள்ளம் விழுந்தாலும் வருடம் முழுதும் தண்ணீர் நிற்கும்.

எல்லா மழைக்கும் வடிகால் கட்ட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அது ஒரு சென்ட் நிலத்தில் 38,000 லிட்டருக்கு மேல். பத்து சென்ட் கொல்லையில் கிட்டத்தட்ட நாலு லட்சம் லிட்டர். எந்தக் குழாயும் குழியும் அதைத் தாங்காது. அந்த மாதிரி நாளில் வெள்ள நீர் கிணற்றுக்குள் விழாதபடி கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறதா, வீட்டுக்குள் வராதபடி வாசல் உயர்ந்திருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

வீட்டுக் கழிவுநீர் வேறு விஷயம். அது தினமும் வருவது, சோப்பும் எண்ணெயும் கலந்தது. அதற்கு உறிஞ்சு குழியைத்தான் எல்லாத் திட்டங்களும் பரிந்துரைக்கின்றன. மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. அடியில் பெரிய கல், மேலே வர வரச் சிறிய கல். ஊராட்சிகளில் ஊரக வேலைத் திட்டத்தின் கீழ் வரிசையாகத் தோண்டினார்கள். சில இடங்களில் நன்றாக வேலை செய்கிறது, சில இடங்களில் ஒரே வருடத்தில் அடைத்து நாறுகிறது. காரணம் மண். குழி தோண்டுவதற்கு முன் ஓரடிக் குழி ஒன்றைத் தோண்டி, ஒருமுறை நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்தால் உறிஞ்சு குழி சரிப்படும். மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே குழி தோண்டுவது காசைப் புதைப்பதுதான்.

தஞ்சை, நாகைப் பக்கத்துக் களிமண்ணில் அது நிற்கவே செய்யும். கார்த்திகை மார்கழியில் நிலத்தடி நீரே சில அடிக்குள் ஏறிவிடும்போது குழி எதை உறிஞ்சும்? டெல்டாவில் பாசன வாய்க்காலுக்கு இணையாக வடிகால் வாய்க்கால்களையும் வைத்தார்கள். இப்போது முதல்வகைக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இரண்டாம் வகைக்குக் கிடைப்பதில்லை. ஆகாயத்தாமரை மண்டியும் ஆக்கிரமிப்பில் சுருங்கியும் கிடக்கின்றன. அங்கே தனி வீட்டுக்காரர் செய்யக்கூடியது மேட்டுப்பாத்தியில் வாழையும் கல்வாழையும் சேம்பும் நட்டு, கழிவுநீரை மேலாகப் பரவவிடுவது, மீதியை ஊர் வடிகாலுக்கு விடுவது. ஊர் வடிகால் அடைத்திருந்தால் தனிக் கொல்லையில் செய்யும் எந்த மராமத்தும் நிலைக்காது. அது கிராம சபையில் எழுப்ப வேண்டிய கேள்வி.

எந்த மண்ணானாலும் சமையலறைத் தண்ணீரை நேராகக் குழிக்கு விடக்கூடாது. நடுவே ஒரு சிறு தொட்டி கட்டி, எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் அதில் தங்கும்படி செய்து, வாரத்துக்கு ஒருமுறை அள்ளிப் போட வேண்டும். குழிகள் அடைப்பது பெரும்பாலும் இந்தத் தொட்டி இல்லாததால்தான்.

கழிப்பறைக் குழி கிணற்றுக்கு எதிரி நம்பர் ஒன்று. ஊர்ப்பக்கம் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவதில் கணிசமானவை செப்டிக் டேங்க் அல்ல. அடியில் தளம் போடாமல் சிமெண்டு உறைகளை அடுக்கிய குழிகள். நீர் மண்ணுக்குள் போய்விடுவதால் அவை நிரம்புவதே இல்லை. இருபது வருடமாக எடுக்கவே இல்லை என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். எங்கே போனது என்று யோசிக்கமாட்டார். நம் பொதுச் சுகாதாரப் பாடநூல்கள் கிணற்றுக்கும் இத்தகைய குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி கேட்கின்றன. அதுவும் குழி கிணற்றைவிடத் தாழ்வான பக்கம் இருக்க வேண்டும். மணலிலும் வண்டலிலும் அந்த 50 அடி ஓரளவு வடிகட்டும். வெடிப்புப் பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும் அப்படிச் சொல்ல முடியாது. வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அழுக்கும் போகும். வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை நீரையும் கிணற்றையும் நம்பியிருப்பது. அங்கே உரமும் மலக்குழிகளும் சேர்ந்து கிணறுகளில் நைட்ரேட்டை ஏற்றியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரே பாறை, ஒரே நீர் என்றால் அடுத்தவர் வளவில் நடப்பதும் நம் கிணற்றுக்கு வரும்.

ஐந்து சென்ட் மனையில் 50 அடி எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிடைக்காவிட்டால் தளமும் பக்கச் சுவரும் கசியாத முறையான தொட்டி கட்டி, வெளியேறும் நீரை எதிர்க்கோடியில் ஆழமில்லாத செடிப் பாத்திக்கு விட வேண்டும். கூடவே அந்தக் கிணற்று நீர் குடிக்க அல்ல, துவைக்கவும் செடிக்கும்தான் என்று முடிவு செய்துவிட வேண்டும். இந்த முடிவை வெட்கப்படாமல் எடுப்பது பல வீடுகளுக்கு நல்லது.

இவ்வளவும் ஆன பிறகு கிணற்றுக்கு வரலாம். காலம் சித்திரை, வைகாசி. நீர் மிகத் தாழ்ந்திருக்கும்போதுதான் சுவரின் கீழ்ப்பகுதியும் ஊற்றுக் கண்களும் தெரியும். முதலில் மேலிருந்து நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே அடிப்பது பழைய உத்தி, இன்றும் டார்ச்சைவிட நன்றாகக் காட்டும். சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, உறைகள் ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்திருக்கின்றனவா, கிணற்றைச் சுற்றித் தரை வளையமாக அமுங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். அமுங்கியிருந்தால் சுவருக்குப் பின்னால் மண் கரைந்து உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட கிணற்றில் அனுபவமுள்ளவர் பார்க்காமல் கைவைக்கக் கூடாது. அரச மரத்தையும் அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது. வேரோடு இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும். மேலே வெட்டி, துளிர்க்கும்போதெல்லாம் வெட்டி, வேர் செத்த பிறகு கல்லைக் கழற்றி மறுபடி அடுக்குவதே முறை.

பல வருடம் நின்ற நீரை ஒரே மூச்சில் இறைப்பதும் ஆபத்து. உள்ளே இருக்கும் நீர் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது திடீரென்று போனால் வெளியே ஈர மண்ணின் அழுத்தம் பழைய சுவரை உள்ளே தள்ளிவிடும். கொஞ்சம் இறைத்து, நிறுத்தி, சுவரைப் பார்த்து, மறுபடி இறைக்க வேண்டும். இறைத்த நீரைக் கிணற்றடியிலேயே விட்டால் அது திரும்ப உள்ளேதான் வரும். புதிதாக வெட்டிய ஓடைக்கு முதல் சோதனையும் இதுவே.

இனி சொல்வது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. பயன்படாமல் கிடந்த கிணற்றில் யாரையும் சும்மா இறங்கவிடாதீர்கள். சருகும் சேறும் அழுகி ஆக்சிஜனைத் தின்றிருக்கும். காற்றைவிடக் கனமான கரியமில வாயு அடியில் தங்கியிருக்கும். தூர் எடுக்க இறங்கியவர் மயங்கி விழுந்து, அவரைத் தூக்கப் போனவரும், அவருக்குப் பின்னால் போனவரும் அடுத்தடுத்து இறந்த செய்தி கோடைதோறும் எங்காவது வருகிறது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஒன்றும் இல்லாததற்கு மேல். ஆனால் அதை நம்பி இறங்க முடியாது. காற்றில் வழக்கமாக 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனாலே பாதுகாப்பு எல்லை தாண்டிவிட்டது என்று கணக்கு. சுடர் அணைவதோ 16, 17-க்கு வந்த பிறகு. கார்பன் மோனாக்சைடை விளக்கு காட்டவே காட்டாது. மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்கு வித்தாகும். டீசல் அல்லது பெட்ரோல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது கொலைக்குச் சமம். இன்ஜின் மேலே, வெகு தூரத்தில் இருக்க வேண்டும். வாயு அளக்கும் கருவி, காற்று அடிக்கும் குழாய், இடுப்புக் கச்சையோடு மேலே கட்டிய கயிறு, மேலே நிற்க ஆள் இவை இல்லாத குழுவுக்கு வேலை தராதீர்கள். கிரேன் வைத்து மேலிருந்தே சேறு அள்ளுபவர்கள் இப்போது எல்லா வட்டாரத்திலும் இருக்கிறார்கள். கூலி கூடுதலாகும், ஆகட்டும். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

தூர் எடுக்கும்போது ஊற்று வரும் மணலுக்குக் கீழே தோண்டிவிடக் கூடாது. சுவரின் அடித்தளம் ஆட்டம் காணும். கறுத்த சேறும் குப்பையும் போய் இயற்கையான மணலோ பாறையோ தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். அடியில் ஓரடிக்குக் கூழாங்கல் பரப்பினால் வாளி போடும்போது கலங்காது. சுவரின் கீழ்ப்பகுதியைப் பூசக்கூடாது, அது நீர் வரும் வழி. மேலே குறைந்தது பத்தடிக்கு மட்டும் இடுக்குகளை அடைக்க வேண்டும். முடிந்தால் சுவருக்கு வெளியே சுற்றிலும் பள்ளம் எடுத்துக் குழைத்த களிமண்ணை இடித்து நிரப்பினால், மேல்தண்ணீர் சுவரோரமாக இறங்குவது நிற்கும். கிணற்றைச் சுற்றி மூன்றடிக்குக் குறையாத சிமெண்டுத் தளம், வெளிப்பக்கம் சரிவாக, விளிம்பில் வாய்க்காலோடு. கைப்பிடிச் சுவர் இரண்டரை அடிக்குக் குறையக்கூடாது, குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் உயர வேண்டும். மேலே இரும்பு வலை மூடி. வாளி கிடக்க ஒரு கொக்கி.

பிறகு கிருமி நீக்கம். கிணற்று நீரின் அளவை விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 0.785 என்று கன அடியில் கண்டு 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். ஐந்தடி விட்டமும் 12 அடி நீரும் இருந்தால் சுமார் 6,700 லிட்டர். புதிதாகத் தூர் எடுத்த கிணற்றுக்குக் கடுமையான அளவு தேவை: லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின். 33 விழுக்காடு வீரியமுள்ள புதிய பிளீச்சிங் பவுடர் என்றால் இந்தக் கிணற்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கலக்கி, இரவு முழுதும் விட்டு, குளோரின் வாடை போகும்வரை இறைத்துவிட வேண்டும். அந்த நீர் மீன் உள்ள குளத்துக்கும் செடிக்கும் போகக்கூடாது. வழக்கமான குடிநீர் அளவு இதில் மிகச் சிறியது, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். மூட்டை திறந்து மாதக்கணக்கில் கிடந்த பவுடருக்கு வாடை மட்டும்தான் இருக்கும், வீரியம் இருக்காது.

கரையோரக் கிணறுகளுக்கு ஒரு விலக்கு. அங்கே மணலுக்குள் உப்புநீரின் மேல் நன்னீர் மெல்லிய அடுக்காகத் தங்கியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் கடல்நீர் புகுந்த கிணறுகளை நல்லெண்ணத்தோடு மறுபடி மறுபடி இறைத்தார்கள். பல இடங்களில் அதனால் கீழிருந்த உப்பு மேலே ஏறியது. ஒருமுறை சேறு எடுத்துவிட்டு மழைக்கு விட்டுவிடுவதே அங்கே சரி.

தெளிந்து தெரியும் நீரெல்லாம் நல்ல நீரல்ல. ஊற்று நீரைத் தெளியவைக்கத் தேற்றான் கொட்டையை உரசுவதும் கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டை போடுவதும் வழிவழியாக வந்தவை. தேற்றான் கொட்டை கலங்கலைப் படியவைப்பது உண்மை. ஆனால் கலங்கல் போவதால் கிருமி போய்விட்டது என்று சொல்ல முடியாது. நைட்ரேட்டையும் ஃபுளோரைடையும் எந்தக் கொட்டையும் கட்டையும் தொடாது. இந்தியத் தர அளவின்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. காய்ச்சினால் நீர் வற்றி நைட்ரேட் இன்னும் செறிவாகும். ஃபுளோரைடு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5 கடைசி எல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே ஃபுளோரைடுக்காக வந்ததுதான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலிலேயே பிடித்து, பனிக்கட்டியில் வைத்து, அன்றே சேர்ப்பது நல்லது. குளோரின் போட்ட மறுநாளே சோதித்தால் முடிவு பொய்யான ஆறுதல் தரும். இரண்டு வாரம் கழித்து ஒன்று, மழைக்காலத்தில் இன்னொன்று எடுக்க வேண்டும். மழைக்கால மாதிரி கெட்டால் வடிகால் வேலையில் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்.

மழைநீரைக் கிணற்றுக்குள் விடலாமா? கூரைத் தண்ணீரை விடலாம், விட வேண்டும். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு கட்டாயமாக்கியது. கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் ‘மழைப்பொலிமா’ என்ற திட்டத்தில் கூரை நீரைக் குழாய் வழியாக வீட்டுக் கிணறுகளுக்கே விட்டது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் வருடத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை விழுந்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 67,000 லிட்டர் கிடைக்கும். முதல் மழையின் அழுக்கை வெளியே விடும் திருகு ஒன்றும், மணலும் கூழாங்கல்லும் அடுக்கிய வடிகட்டித் தொட்டி ஒன்றும் வேண்டும். தரைத் தண்ணீரை மட்டும் எந்தச் சாக்கிலும் உள்ளே விடாதீர்கள். கொல்லையில் தேங்குகிறது, கிணறு காலியாக இருக்கிறது, இரண்டையும் இணைத்தால் என்ன என்று பலருக்குத் தோன்றுகிறது. சாணமும் பூச்சிமருந்தும் தெருச் சாக்கடையும் கலந்த நீரை மண்ணின் வடிகட்டலைத் தாண்டி நேரே நிலத்தடிக்கு அனுப்பும் வேலை அது.

எல்லாக் கிணற்றையும் மீட்க முடியாது. சுவர் நொறுங்கி, நீர் மட்டம் நூறடிக்குக் கீழே போய், கழிப்பறை பத்தடியில் இருக்கும் கிணறு செலவுக்கு ஏற்றதல்ல. அதை மூடிவிடுவதே நல்லது. மூடுவதென்றால் குப்பையையும் இடிபாட்டையும் கொட்டாமல், உள்ளே கிடப்பதை அள்ளி, சுத்தமான மணலும் மண்ணும் நிரப்பி, மேல் சில அடிக்குக் களிமண்ணை இடித்து மூட வேண்டும். அதுவரை கிணற்றின் மேல் கனமான இரும்பு வலை ஒன்றையாவது பூட்டிவையுங்கள். இந்த வலையை இந்த வாரமே போட்டுவிடலாம். மற்றவை கோடை வரை காத்திருக்கலாம்.